ஏணித்தட்டான்: ஐந்து இறக்கையும் ஒரு பிரம்பு நாற்காலியும்

கணினியில் பறக்கவிடுவதற்காக நான் செய்த ஏணித்தட்டான் என்ற விமானம் நேற்று மாலை முதல் முறையாக ஒரு முழு வட்டம் அடித்துவிட்டு, புறப்பட்ட புல்தரைக்கே திரும்பி வந்தது. தரையில் மோதிய வேகத்துக்கு வால் சறுக்குக்கட்டை உடைந்திருக்க வேண்டும். சிமுலேட்டரில் அது உடையாது என்பதால் பிழைத்தது. ஏழு வாரம் மாலை நேரங்களில் செய்த வேலை. எங்கெங்கே சொதப்பினேன் என்பது மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

இப்படி ஒரு விமானம் நிஜத்தில் எங்கும் இல்லை. ஃப்ளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டருக்குள் மட்டும் இருக்கிறது. ஏணிப் படிகள்போல ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து ஒடுங்கிய இறக்கைகள், மூங்கில் உடல், மூக்கில் தானே சுழலும் எஞ்சின், பின்னால் தள்ளி ஒரு பிரம்பு நாற்காலி. பெயரின் பாதியைக் கடன் வாங்கினேன். பிரேசில்காரரான விமான முன்னோடி சாண்டோஸ்-டுமோன் 1907-1909 வாக்கில் செய்த சின்ன விமானத்துக்கு 'டெமொய்செல்' என்று பெயர். பிரெஞ்சில் அது இளம்பெண்ணையும் குறிக்கும், ஊசித்தட்டானையும் குறிக்கும்.

ஆசையைக் கிளப்பியது பழைய கறுப்பு வெள்ளைச் செய்திப்படத் துணுக்குகள். அவற்றில் ஒன்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: ஏழு அடுக்கு இறக்கையோடு ஒரு வண்டி நிற்கும், திடீரென்று அடுக்குகள் சீட்டுக்கட்டு வீடுபோலச் சரிந்துவிடும். 'பைத்தியக்கார விமானங்கள்' தொகுப்பு எது வந்தாலும் இந்தக் காட்சி இருக்கும். அது 1923இல் ஃப்ரெடரிக் கெர்ஹார்ட் என்பவர் அமெரிக்காவில் டேட்டன் நகரத்து மெக்குக் ஃபீல்டில் சோதித்த சைக்கிள்பிளேன். எஞ்சினே கிடையாது, மிதித்துத்தான் ஓட்ட வேண்டும். சிரிப்பவர்களில் பலருக்குத் தெரியாத விஷயம், அந்த வண்டி மிதிகட்டையின் பலத்தில் மட்டும் தரையை விட்டு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் எழும்பி 6 மீட்டர் போயிருக்கிறது. வேலை நடக்க நடக்க இது அடிக்கடி நினைவுக்கு வந்தது.

ஏனென்றால் என் முதல் வடிவம் வெறும் கோமாளித்தனம். கிராமஃபோன் குழாய், சைக்கிள் மணி, இறக்கை நுனியில் தொங்கும் குடை, புகைபோக்கி. பிளெண்டர் என்ற முப்பரிமாண உருவங்கள் செய்யும் மென்பொருளில் இரண்டு வாரம் உட்கார்ந்து இவற்றையெல்லாம் ஆசையாகச் செய்தேன். படத்தில் நன்றாகத்தான் இருந்தது. பறக்கவிட்டதும் சப்பென்று போய்விட்டது. பறக்கும் கணக்குக்கு ஒரு பயிற்சி விமானத்தின் கோப்பைத் தற்காலிகமாகக் கொடுத்திருந்தேன், அதனால் குடையும் மணியுமாக அது வழவழவென்று நேர்கோட்டில் போனது. வேடம் போட்ட கார் மாதிரி. ஒரு நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை.

அப்புறம்தான் 1965இல் வந்த 'தோஸ் மெக்னிஃபிசென்ட் மென் இன் தேர் ஃப்ளையிங் மெஷின்ஸ்' படத்தைத் திரும்பப் போட்டேன். கதை 1910இல் லண்டனிலிருந்து பாரிஸுக்கு நடக்கும் பந்தயம். அந்தப் படத்துக்காகப் பழைய விமானங்களின் பறக்கக்கூடிய நகல்களையே கட்டினார்கள். எஞ்சின்கள் புதியவை, மற்றபடி கம்பி, துணி, மரம்தான். அவற்றில் டெமொய்செல் நகல் எழும்பவே மறுத்தது, துள்ளித் துள்ளி விழுந்தது. பிறகுதான் சாண்டோஸ்-டுமோன் எவ்வளவு ஒல்லியானவர் என்பது உறைத்து, எடை குறைந்த விமானி ஒருவரைத் தேடியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில் போர் விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பணியில் இருந்த ஜோன் ஹியூஸ் வந்து உட்கார்ந்ததும் பறந்தது.

சிரிப்பு வருவது இந்த இடத்தில்தான் என்று பட்டது. விமானத்துக்குத் தான் நகைச்சுவைப் படத்தில் நடிப்பது தெரியாது. அது முழு மனதோடு பறக்கப் பார்க்கிறது. குடை, மணி, குழாய் எல்லாவற்றையும் அழித்தேன். நிஜ விமானங்களில் இருந்த விசித்திரங்களை மட்டும் வைத்துக்கொள்வது, மிச்சத்தைக் கணக்கு பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு. பிரம்பு நாற்காலி தப்பித்தது, அந்தக் கால விமானங்கள் சிலவற்றில் அதுதான் இருக்கை.

ஐந்து அடுக்கு யோசனை ஹொரேஷியோ ஃபிலிப்ஸிடமிருந்து. ஆங்கிலேயரான இவர் வளைந்த இறக்கை வடிவத்துக்கு 1884இலேயே காப்புரிமை வாங்கியவர். அகலம் குறைந்து நீளம் கூடிய இறக்கைதான் திறமையானது என்பது அவர் நம்பிக்கை, அதனால் ஜன்னல் சட்டங்கள்போல ஒல்லி இறக்கைகளை அடுக்கிக்கொண்டே போனார். 1904இல் செய்ததில் இருபது. அது 15 மீட்டர் தாவியது. 1907இல் செய்ததில் ஏறத்தாழ இருநூறு. அது 150 மீட்டர் போனது. இருநூறு இறக்கைக்குக் கம்பி கட்டும் பொறுமை எனக்கு இல்லை. ஐந்தோடு நிறுத்தினேன்.

கணக்கு எளிதுதான். ஒவ்வொரு இறக்கையும் 6 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், ஆக மொத்தம் 18 சதுர மீட்டர். எஞ்சினுக்கு 1909 காலத்து நோம் ஒமேகா: ஏழு சிலிண்டர், 50 குதிரைத்திறன், ஏறத்தாழ 75 கிலோ. சட்டம், துணி, கம்பி, சக்கரம் எல்லாம் சேர்த்து 145. ஓட்டி 60, எரிபொருளும் எண்ணெயும் 20. மொத்தம் 300 கிலோ. இறக்கை எவ்வளவு தூக்கும் என்பதைக் காட்டும் தூக்குக் கெழு 1.3 என்று வைத்தால், ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காத வேகம், மணிக்கு 52 கிலோமீட்டர் வருகிறது. ஆனால் அடுக்கு இறக்கைகள் ஒன்றின் காற்றை மற்றொன்று கெடுக்கும். இரண்டு இறக்கைக்கு நடுவே குறைந்தது ஓர் இறக்கை அகலமாவது இடைவெளி இருந்தாலும் இழப்பு உண்டு. கெழுவை 1.0ஆகக் குறைத்தேன், வேகம் 59 ஆனது. மறுபக்கம், இத்தனை கம்பியையும் இழுத்துக்கொண்டு 50 குதிரை தள்ளினால் 88க்கு மேல் போகாது என்று வந்தது. அதாவது விழாமல் இருக்கும் வேகத்துக்கும் உச்ச வேகத்துக்கும் நடுவே 29 கிலோமீட்டர்தான். மூக்கைக் கொஞ்சம் தூக்கினால் போச்சு. அந்தக் கால விமானிகள் காற்றே இல்லாத விடியற்காலையில் பறந்ததன் காரணம் இந்த எண்களைப் பார்த்தபோது நன்றாகப் புரிந்தது.

பறக்கும் கணக்கைச் செய்வது யாசிம் என்ற பகுதி. ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. இறக்கை எங்கே, எவ்வளவு நீளம், எடை எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டும். கூடவே, இறங்கும்போது என்ன வேகம், சாதாரணமாக என்ன வேகம் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வேகங்கள் வரும்படி தூக்கையும் இழுவையையும் அதுவே சரிசெய்துகொள்ளும். ஆகவே நாம் பொய் சொன்னால் அதுவும் பொய்யாகவே பறந்து காட்டும். மேலே போட்ட கணக்கு வெட்டி வேலை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

முக்கிய இறக்கையாக நடு அடுக்கைக் கொடுத்தேன். மற்ற நான்கையும் எம்ஸ்டாப் என்ற துணைப் பரப்புகளாகச் சேர்த்தேன். அப்புறம் தொடங்கியது வேடிக்கை.

முதல் தவறு திசையில். பிளெண்டரில் செய்து ஃப்ளைட்கியருக்குக் கொண்டுபோகும் உருவத்தில் எக்ஸ் அச்சு வாலை நோக்கி வளரும், வொய் அச்சு வலப்பக்கம் வளரும். யாசிமில் எக்ஸ் மூக்கை நோக்கியும் வொய் இடப்பக்கமும் வளரும். நான் உருவத்தில் அளந்த எண்களை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன். சிமுலேட்டரைத் திறந்தால் ஏணித்தட்டான் மூக்கைப் புல்லில் ஊன்றிக்கொண்டு வாலை வானத்துக்கு நீட்டி நிற்கிறது. வால் சறுக்குக்கட்டை முன்னால் போயிருக்கிறது! ஒரு படம் பிடித்து வைத்துக்கொண்டேன், பிறகு எல்லா எக்ஸ், வொய் எண்களுக்கும் குறியை மாற்றினேன்.

இரண்டாவது, அளவை. யாசிமில் நீளம் மீட்டரில், எடை பவுண்டில், வேகம் 'நாட்' என்ற கடல் மைல் கணக்கில். ஒரே கோப்புக்குள் மூன்று உலகம். காலி எடைக்கு 220 என்று எழுதினேன், கிலோ என்ற நினைப்பில். அது நூறு கிலோ ஆகிவிட்டது. எழுத வேண்டியது 485. வேகங்களை நாமே கொடுத்திருப்பதால் ஸ்டால் எல்லாம் சரியாகவே காட்டியது, அதனால் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால் இருபது மீட்டருக்குள் எழும்பி, எஞ்சின் முறுக்கில் ஒரு பக்கமாகச் சுருண்டுகொண்டே மேலே பாயும். "ஆஹா, பழைய விமானம் இப்படித்தான் அடம்பிடிக்கும்போல" என்று முதல் நாள் மகிழ்ச்சியாக வேறு இருந்தேன்.

எடையைத் திருத்தியதும் யாசிம் விடை தர மறுத்தது. வால் பரப்பைப் பத்து டிகிரிக்கு மேல் சாய்த்தால்தான் சமநிலை வரும், அதற்கு அது ஒப்பாது. காரணம் 75 கிலோ எஞ்சின். மூக்கில் அத்தனை கனம் உட்கார்ந்திருக்க, ஓட்டியையும் நான் இறக்கைகளுக்குக் கீழேயே வைத்திருந்தேன். வாலைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அழகு கெட்டது. கடைசியில் பிரம்பு நாற்காலியைப் பின்னால் நகர்த்தினேன். 30 சென்டிமீட்டர், 50, 70. எழுபதில் விடை வந்தது. இப்போது ஓட்டி ஐந்து இறக்கைகளுக்கும் பின்னால், ஜன்னல் சட்டத்தின் இடுக்கு வழியே எட்டிப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருக்கிறார். இந்த விமானத்திலேயே பார்த்தவுடன் சிரிப்பு வரும் இடம் இதுதான். நான் யோசித்துச் செய்ததல்ல.

பக்கவாட்டில் சாய்ப்பதற்கு ஏலெரான் என்ற அசையும் இறக்கை மடல் கிடையாது, இறக்கையையே முறுக்க வேண்டும். யாசிமில் இதற்குத் தனி வசதி தேவையில்லை. இறக்கையின் முழு நீளத்துக்கும் ஒரு ஃபிளாப் (இன்னொரு வகை மடல்) கொடுத்து, அதை ஏலெரான் கட்டுப்பாட்டோடு இணைத்தால் போதும். இணைக்கும் வரியில் 'ஸ்ப்ளிட்' என்பதை 'ட்ரூ' என்று எழுத வேண்டும், அப்போதுதான் இடமும் வலமும் எதிரெதிராக முறுக்கும். மறந்துவிட்டேன். ஜாய்ஸ்டிக்கை ஒரு பக்கம் சாய்த்தால் விமானம் மேலே போகிறது, மறுபக்கம் சாய்த்தால் கீழே போகிறது. லிஃப்ட் மாதிரி.

அதைத் திருத்திய பின் சாய்ந்தது, ஆனால் இடப்பக்கம் சாய்க்கும்போது மூக்கு வலப்பக்கம் ஓடியது. இது கோளாறு இல்லை. தூக்கு கூடும் பக்கத்தில் இழுவையும் கூடுகிறது, அது மூக்கைத் தன் பக்கம் இழுக்கிறது. ரைட் சகோதரர்கள் 1902 கிளைடரில் இதே தொல்லையைச் சந்தித்து, அசையாமல் இருந்த பின் சுக்கானை அசையும்படி மாற்றி முறுக்குக் கம்பியோடு இணைத்தார்கள். நானும் அதேபோலச் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி, முறுக்கில் மூன்றில் ஒரு பங்கு சுக்கானுக்குத் தானாகப் போகும்படி செய்தேன். முழுதும் தீரவில்லை. வேண்டுமென்றே மிச்சம் வைத்தேன், திரும்பும்போது கொஞ்சம் தயங்கட்டும்.

கண்ணுக்குத் தெரியும் முறுக்கு தனி வேலை. ஃப்ளைட்கியரில் ஒரு பரப்பை வளைப்பதைவிடச் சுழற்றுவது சுலபம். ஆகவே ஒவ்வோர் இறக்கைப் பாதியையும் ஆறு துண்டாக வெட்டி, உட்புறத் துண்டு ஆறில் ஒரு பங்கு, அடுத்தது ஆறில் இரண்டு என்று நுனிவரை படிப்படியாகச் சுழலவிட்டேன். ஐந்து இறக்கை, இரண்டு பக்கம், ஆறு துண்டு, மொத்தம் அறுபது பெயர்கள், அறுபது அசைவுகள். முறுக்கும்போது துண்டுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று இரண்டு சென்டிமீட்டர் ஏறவிட்டு, இணைப்பின் மேல் விலாச் சட்டத்தின் பட்டையை வரைந்ததும் மறைந்தது. இடது மூன்றாம் இறக்கையில் இன்னும் ஒரு கீற்று மின்னுகிறது.

ஓட்டியையும் அசையவிட்டேன். டெமொய்செலில் சாண்டோஸ்-டுமோன் சாய்வுக்குக் கையைப் பயன்படுத்தவில்லை. முறுக்குக் கம்பிகள் அவர் முதுகோடு இணைந்த கோலில் முடியும், உடம்பைச் சாய்த்தால் இறக்கை முறுக்கும். என் ஓட்டியும் திருப்பத்தில் நாற்காலியிலேயே ஒரு பக்கமாகச் சாய்கிறார். வெளியிலிருந்து பார்க்கும்போது, விமானத்தை மனவுறுதியால் திருப்பப் பார்க்கும் மனிதர்போல இருக்கிறது.

கம்பிகளைப் பற்றி ஒரு வரி: உண்மைத் தடிமனில், இரண்டு மூன்று மில்லிமீட்டரில் செய்யாதீர்கள். பத்து மீட்டர் தள்ளி நின்றாலே மினுமினுத்து மறைந்துவிடும். ஏழு மில்லிமீட்டராக்கினேன், தூரத்தில் மொத்தமாக மறையும்படி வைத்தேன். துணியின் வழியே வெயில் ஊடுருவும் தோற்றத்துக்கு ஒளிபுகும் பரப்பைப் போட்டபோது ஓட்டியே காணாமல் போனார். ஒளிபுகும் பரப்புகள் கோப்பில் கடைசியில் வர வேண்டுமாம். மாற்றினேன், திரும்பி வந்தார்.

எஞ்சின்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. நோம் எஞ்சினில் நடுத்தண்டு அசையாது, சிலிண்டர்கள் மொத்தமும் விசிறியோடு சேர்ந்து சுற்றும். முக்கால் குவிண்டால் இரும்பு நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றினால் அது ஒரு பெரிய பம்பரம். யாசிமில் விசிறிக்கு 'மொமென்ட்' என்று ஓர் எண் உண்டு, சுழலும் கனத்தின் அளவு அது. சாதாரண விசிறிக்கு உரிய எண்ணை நாலு மடங்காக்கினேன். உடனே குணம் மாறிவிட்டது. இடப்பக்கம் திரும்பினால் மூக்கு தானாக எழும்புகிறது, வலப்பக்கம் திரும்பினால் கவிழ்கிறது. வேகத்தில் கையிருப்பே இல்லாத விமானத்தில் இரண்டுமே ஆபத்து: ஒன்றில் ஸ்டால், மற்றொன்றில் தரை. நேற்றைய வட்டம் இடப்பக்கமாக, மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே அடித்தது.

இந்த வகை எஞ்சினில் நாம் நினைக்கும் த்ராட்டில் சரியாக வேலை செய்யாது. இறங்கும்போது விமானிகள் எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறியை அவ்வப்போது நிறுத்தி நிறுத்தி விடுவார்கள். பழைய படங்களில் இறங்கும் விமானம் "பர்ர்... பர்ர்..." என்று இருமிக்கொண்டு வருவது அதனால்தான். சிமுலேட்டரில் அந்தத் தீப்பொறியைத் தரும் மேக்னெட்டோவை ஒரு பொத்தானில் கட்டினேன்: அழுத்தினால் பூஜ்யம், விட்டால் மூன்று. விசிறி காற்றில் சுற்றிக்கொண்டே இருப்பதால் விட்டவுடன் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. அழுத்தும் நேரம் நீண்டால்? ஐந்து இறக்கையின் இழுவை முன்னால் இழுக்க ஆளில்லாமல் போகும்போது தெரியும். நூறு மீட்டர் உயரத்திலிருந்து முந்நூறு மீட்டர் தூரம்தான் சறுக்குகிறது.

சத்தத்துக்குக் கணக்கு கைகொடுத்தது. ஏழு சிலிண்டர், இரண்டு சுற்றுக்கு ஒவ்வொன்றும் ஒரு முறை வெடிக்கும். 1200 சுற்றில் விநாடிக்கு எழுபது வெடிப்பு. ஒரு அட்டைப்பெட்டியைத் தட்டிப் பதிவுசெய்து, ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் எழுபதாக அடுக்கினேன். தையல் இயந்திரம்போல ஒலித்தது. ஏழில் ஒரு வெடிப்பை மட்டும் பாதியாகக் குறைத்தேன். உடனே ஒரு நொண்டல் வந்தது, உயிரும் வந்தது.

ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். நான்காவது வாரம் முழுக்க, என் விமானம் மந்தமாக இருக்கிறது என்று புலம்பிக்கொண்டு எல்லாவற்றையும் துடிப்பாக்கிக்கொண்டே போனேன். துணுக்குகளில் விமானங்கள் வெடுக் வெடுக்கென்று ஆடுகின்றன, என்னுடையது படகுபோல அசைகிறது. அப்புறம்தான் உறைத்தது: கையால் சுற்றிய கேமரா, விநாடிக்குப் பதினாறு பதினெட்டு படச்சட்டம். அதை இருபத்துநான்கில் ஓட்டினால் எல்லாமே ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகம். நான் இத்தனை நாள் துரத்தியது திரைப்பட இயந்திரத்தின் குணத்தை. மாற்றிய எண்களை எல்லாம் பழையபடி வைத்தேன். பறந்ததைப் பதிவுசெய்து ஒன்றரை மடங்கில் ஓட்டிப் பார்த்தால், அப்படியே அந்தத் துணுக்கு!

நேற்று வட்டம் அடித்த பிறகு ஜோன் ஹியூஸ் கதை ஞாபகம் வந்து ஒரு சோதனை செய்தேன். ஓட்டி 60 கிலோவாக இருக்கும்போது தரையை விட 70 மீட்டர் ஓட்டம் தேவைப்பட்டது. எடைப் பட்டியலில் அவரை 85 ஆக்கினேன். ஓட்டம் 85 மீட்டர் ஆனது, அது பரவாயில்லை. ஆனால் நாற்காலி பின்னால் இருப்பதால் கூடிய கனமெல்லாம் வால்பக்கம் போய், எழும்பியதும் மூக்கு நிமிர்ந்துகொண்டே போனது. ஜாய்ஸ்டிக்கை முழுக்க முன்னால் தள்ளியும் அடங்கவில்லை. பத்து மீட்டர் உயரத்தில் அப்படியே நின்று, யோசித்து, வால்பக்கமாக உட்கார்ந்தது. ஐந்து முறை முயன்றேன், ஐந்து முறையும் அதே.

எடைப் பட்டியலில் ஓட்டிக்கு 65 கிலோ என்று உச்சவரம்பு போட்டுவிட்டேன். என் எடை 78.